அயனியில் கார்பனின் இனக்கலப்பு: சுமையைப் பார்க்காதீர்கள், சிக்மாவை எண்ணுங்கள்

பிளஸ் டூ பாடத்திலும் நீட், ஜேஇஇ பயிற்சித் தாள்களிலும் ஒரு கேள்வி விடாமல் வருகிறது. ஒரு கரிம அயனியைக் கொடுத்து, அதில் குறியிட்ட கார்பனின் இனக்கலப்பு (எலக்ட்ரான் இருக்கும் இடங்களான எஸ், பி ஆர்பிட்டால்கள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது) என்ன, அல்லது எஸ்பி2 கார்பன்கள் எத்தனை என்று கேட்பார்கள். நடுநிலை மூலக்கூறு என்றால் பிள்ளைகள் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள்: எல்லாம் ஒற்றைப் பிணைப்பு என்றால் எஸ்பி3, ஓர் இரட்டைப் பிணைப்பு இருந்தால் எஸ்பி2, முப்பிணைப்பு என்றால் எஸ்பி. அயனி வந்ததும் தடுமாற்றம். உடனே ஒரு குறுக்குவழியைப் பிடித்துக்கொள்கிறார்கள்: பிளஸ் (நேரயனி) என்றால் எஸ்பி2, மைனஸ் (எதிரயனி) என்றால் எஸ்பி3. மெத்தில் நேரயனிக்கும் மெத்தில் எதிரயனிக்கும் இது சரியாக வரும். அதைத் தாண்டி அல்லைல், பீனைல், அசைல், அசிட்டிலைடு என்று போனால் பாதிக்கு மேல் தவறாகும்.

ராமநாதபுரம் கடலோரத்தில் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பாடப்புத்தகம் தரும் எடுத்துக்காட்டுகளுக்கு அப்பால், கட்டக்கோரைப் பாசியிலும் மீனிலும் பவளத்திலும் புளிக்குழம்பிலும் நல்ல அயனிகள் கிடக்கின்றன. அவற்றில் எண்ணிப் பழகினால் விதி கையில் நிற்கும்.

விதி இதுதான். எந்தக் கார்பனைக் கேட்கிறார்களோ அதை நேரடியாக எத்தனை அணுக்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒற்றையோ இரட்டையோ மூன்றோ, ஒரு பக்கத்து அணுவுக்கு ஒரு சிக்மா பிணைப்புதான்; அதற்கு மேல் உள்ளவை பை பிணைப்பு. அதோடு அந்தக் கார்பன் மேலேயே இருக்கும் தனித்த எலக்ட்ரான் ஜோடியைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 4 என்றால் எஸ்பி3, 3 என்றால் எஸ்பி2, 2 என்றால் எஸ்பி. பை பிணைப்பு எண்ணிக்கையில் வராது. காலி ஆர்பிட்டாலும் வராது.

காலி ஆர்பிட்டால் ஏன் வராது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் அதிலிருந்தே கிடைக்கும். எஸ் ஆர்பிட்டால் கருவுக்கு நெருக்கமானது, ஆற்றலில் தாழ்ந்தது. எலக்ட்ரான்கள் எந்த ஆர்பிட்டாலில் உட்கார்ந்திருக்கின்றனவோ அதில் எஸ் பங்கு அதிகம் இருந்தால் மொத்த ஆற்றல் குறையும். யாருமே இல்லாத ஆர்பிட்டாலுக்கு எஸ் பங்கைக் கொடுத்தால் பயன் இல்லை. ஆகவே மெத்தில் நேரயனியில் மூன்று சிக்மாவும் எஸ் பங்கு முழுவதையும் பகிர்ந்துகொண்டு எஸ்பி2 ஆகின்றன. காலியானது தூய பி ஆர்பிட்டாலாகத் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. கோணம் 120 பாகை. மெத்தில் எதிரயனியில் நான்காவது இடத்தில் ஒரு ஜோடி இருக்கிறது; அதற்கும் எஸ் பங்கு வேண்டும். அதனால் எஸ்பி3, பிரமிடு வடிவம். அம்மோனியாவுக்கும் மெத்தில் எதிரயனிக்கும் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றே, வடிவமும் ஒத்துப்போகிறது. போரேனும் மெத்தில் நேரயனியும் அதேபோல ஒரு சோடி. சந்தேகம் வந்தால் இப்படிச் சம எலக்ட்ரான் உள்ள நடுநிலை மூலக்கூறைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

எண்ணுவதில் முதல் தவறு மறைந்திருக்கும் ஹைட்ரஜனில் நடக்கிறது. கோட்டு வரைபடத்தில் ஹைட்ரஜன் எழுத மாட்டார்கள். சுமை இல்லாத கார்பனுக்கு மொத்தம் நான்கு பிணைப்பு. பிளஸ் அல்லது மைனஸ் சுமந்த சாதாரணக் கார்பனுக்கு மொத்தம் மூன்று. ஆகவே சுமையுள்ள கார்பனில் வரைந்திருக்கும் பிணைப்புகளை 3இலிருந்து கழித்தால் மறைந்த ஹைட்ரஜன் கிடைக்கும். சைக்ளோபென்டாடையீனைல் எதிரயனியில் மைனஸ் போட்ட மூலையில் வளையப் பிணைப்பு இரண்டு. மிச்சம் ஒரு ஹைட்ரஜன்தான். பழக்க தோஷத்தில் இரண்டு ஹைட்ரஜன் போட்டுவிட்டால் நான்கு பிணைப்பும் ஒரு ஜோடியும் என்று ஐந்து கணக்கு வந்து எல்லாம் குழம்பும். மைனஸ் கார்பன் என்றால் அதில் ஒரு தனித்த ஜோடி உண்டு, படத்தில் இரண்டு புள்ளிகள் வைக்காவிட்டாலும்.

இரண்டாவது கட்டம்தான் உண்மையான சிக்கல். தனித்த ஜோடியை எப்போது எண்ண வேண்டும், எப்போது எண்ணக் கூடாது?

மைனஸ் கார்பனுக்குப் பக்கத்துக் கார்பனில் பை பிணைப்பு இருந்தால், ஜோடி பி ஆர்பிட்டாலுக்குப் போய் அந்தப் பை மண்டலத்தோடு சேர்ந்துகொள்ளும். உடனிசைவில், அதாவது எலக்ட்ரான்கள் பல அணுக்களுக்குப் பரவுவதில், கிடைக்கும் நிலைப்பு, எஸ் பங்கை இழப்பதைவிடப் பெரிது. அப்போது ஜோடியை எண்ணக் கூடாது. அல்லைல் எதிரயனி, பென்சைல் எதிரயனி, அசிட்டோனின் ஈனோலேட்டு எல்லாவற்றிலும் மைனஸ் கார்பன் எஸ்பி2தான். பிரமிடு இல்லை, தளம். அசிட்டோனில் எஸ்பி3 இரண்டு, எஸ்பி2 ஒன்று. ஒரு புரோட்டான் போய் ஈனோலேட்டு ஆனதும் எஸ்பி3 ஒன்று, எஸ்பி2 இரண்டு. எத்தில் அசிட்டோஅசிட்டேட்டில் ஆறு கார்பனில் நான்கு எஸ்பி3, இரண்டு எஸ்பி2. நடுவில் உள்ள மெத்திலீன் ஒரு புரோட்டானைக் கொடுத்ததும் மூன்றுக்கு மூன்று. இந்த ஒரு மாற்றத்தைக் கேள்வியாக்குவது தேர்வு எழுதுவோருக்குப் பிடித்தமான வேலை.

ஆனால் பை பிணைப்பு பக்கத்தில் இல்லாமல் மைனஸ் கார்பனிலேயே இருந்தால்? வினைல் எதிரயனியில் அந்தக் கார்பனின் பி ஆர்பிட்டால் ஏற்கெனவே இரட்டைப் பிணைப்புக்குப் போய்விட்டது. ஜோடிக்கு மிச்சம் உள்ள இடம் மூலக்கூறின் தளத்திலேயே இருக்கிறது. அது பை மண்டலத்துக்குச் செங்குத்து, கலக்க வழியில்லை. அங்கே ஜோடியை எண்ணியே ஆக வேண்டும். வினைல் எதிரயனி: இரண்டு சிக்மா, ஒரு ஜோடி, கூட்டு 3, எஸ்பி2. பீனைல் எதிரயனியும் அப்படியே. அசிட்டிலைடு: ஒரு சிக்மா, ஒரு ஜோடி, கூட்டு 2, எஸ்பி. சயனைடும் எஸ்பி. தடை செய்த பிறகும் பழம் பழுக்க வைக்கச் சிலர் ஒளித்துப் பயன்படுத்தும் கார்பைடு கல்லில் இருக்கும் இரட்டை எதிர்ச்சுமை அயனியிலும் இரண்டு கார்பனும் எஸ்பி.

ஆக ஒரு வரியில் கேட்டுக்கொள்ளலாம்: இரட்டைப் பிணைப்பு மைனஸ் கார்பனிலேயா, பக்கத்துக் கார்பனிலா? அதிலேயே என்றால் ஜோடியை எண்ணு. பக்கத்தில் என்றால் விட்டுவிடு. பீனைல் எதிரயனிக்கும் சைக்ளோபென்டாடையீனைல் எதிரயனிக்கும் விடை ஒன்றாக எஸ்பி2 என்று வந்தாலும் வந்த வழி வேறு. முதலாவதில் ஜோடி எஸ்பி2 ஆர்பிட்டாலில், வளையத் தளத்தில் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதில் ஜோடி பி ஆர்பிட்டாலில், ஆறு பை எலக்ட்ரானில் ஒரு பங்காக. விரிவான விடை எழுதும்போது இதைச் சொல்லாமல் எஸ்பி2 என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான் நியாயம்.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்று அமிலத்தன்மை காட்டும். பிகேஏ மதிப்புகளைப் பாருங்கள் (எண் குறையக் குறைய அமிலம் வலியது): ஈத்தேன் ஏறத்தாழ 50, எத்திலீன் 44, அசிட்டிலீன் 25. எஸ் பங்கு 25 சதவீதத்திலிருந்து 33க்கும் 50க்கும் ஏற ஏற, ஜோடி கருவுக்கு நெருங்கி, எதிரயனி நிலைப்பாகிறது. உடனிசைவுக் கூட்டம் வேறு வரிசை: டொலுவீன் 41 அருகே, அசிட்டோன் 19 முதல் 20, சைக்ளோபென்டாடையீன் 16, நைட்ரோமீத்தேன் 10 சொச்சம். நீரின் பிகேஏ 15.7 என்பதால் காஸ்டிக் சோடா கொண்டு அசிட்டிலீனிலிருந்து சோடியம் அசிட்டிலைடு தயாரிக்க முடியாது. சோடமைடு வேண்டும், ஏனென்றால் அம்மோனியாவின் பிகேஏ 38 அருகே இருக்கிறது. அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட்டில் மட்டும் வெள்ளை வீழ்படிவு உடனே வருகிறதே என்றால், அங்கே வெள்ளி கார்பனோடு பிணைந்து கரையாமல் படிந்துவிடுவதால் சமநிலை அந்தப் பக்கம் இழுபடுகிறது. அந்த வீழ்படிவை உலரவிடக் கூடாது. உலர்ந்த சில்வர் அசிட்டிலைடு வெடிக்கும். ஈரமாக இருக்கும்போதே நீர்த்த அமிலம் ஊற்றிச் சிதைத்துவிட வேண்டும்.

உடனிசைவு தொடர்பாக இன்னொரு சோதனை. உடனிசைவு வடிவங்களுக்கிடையே எலக்ட்ரான் மட்டும் நகரும். அணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே ஒரு கார்பனுக்கு எல்லா வடிவங்களிலும் ஒரே இனக்கலப்புதான் இருக்க முடியும். ஒரு வடிவத்தில் எஸ்பி3, மற்றொன்றில் எஸ்பி2 என்று வந்தால் எஸ்பி2ஐ எடுத்துக்கொள்ள வேண்டும். புரோபார்ஜைல் நேரயனியில் இதைச் சரிபார்க்கலாம். பிளஸை ஓரத்து மெத்திலீனில் வைத்தால் அது எஸ்பி2, மற்ற இரண்டும் முப்பிணைப்புக் கார்பன்கள், எஸ்பி. பிளஸை மறுமுனைக்கு நகர்த்தி இரண்டு இரட்டைப் பிணைப்பாக எழுதினாலும் மெத்திலீனுக்கு மூன்று அண்டை, எஸ்பி2. நடுக்கார்பனுக்கு இரண்டு, எஸ்பி. முனைக்கு இரண்டு அண்டையும் காலி ஆர்பிட்டாலும், எஸ்பி. எங்கும் முரண்பாடு இல்லை. முரண்பட்டால் நீங்கள் எங்கோ ஹைட்ரஜனை விட்டிருக்கிறீர்கள்.

கடலில் இருக்கும் அயனிகள்

மன்னார் வளைகுடாவின் நீரில் கரைந்த கார்பனில் மிகப் பெரும்பகுதி பைகார்பனேட்டு அயனி. கடல்நீரின் பிஎச் 8.1 அருகே இருப்பதால் அப்படி. கார்பன் டை ஆக்சைடில் கார்பனுக்கு இரண்டு அண்டை, எஸ்பி, நேர்கோடு. அது பைகார்பனேட்டாக மாறும்போது மூன்றாவது ஆக்சிஜன் வந்து ஒட்டுகிறது. எஸ்பி2, தள முக்கோணம். பவளம் தன் கூட்டுக்கு எடுத்துக்கொள்ளும் கார்பனேட்டிலும் எஸ்பி2தான். மூன்று கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புகளும் ஒரே நீளம், ஏறத்தாழ 129 பிகோமீட்டர். இவற்றைக் கரிம அயனி என்று சொல்லலாமா என்று வாதிடுவோர் உண்டு. கார்பனுக்கு அந்தக் கவலை இல்லை, எண்ணும் முறை ஒன்றே.

கட்டக்கோரையிலும் பக்கடாப் பாசியிலும் இருந்து எடுப்பது ஆல்ஜினேட். பாசியை அமிலத்தில் அலசி, சோடியம் கார்பனேட்டுக் கரைசலில் சூடாக்கினால் கரைந்து வருவது இந்த அயனிதான். மேனுரோனேட்டு, குளுரோனேட்டு என்று இரண்டு வகைச் சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் ஆறு கார்பன். ஆறாவது கார்பன் கார்பாக்சிலேட்டு: வளையக் கார்பன் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு, ஆக மூன்று அண்டை, எஸ்பி2. மற்ற ஐந்தும் எஸ்பி3. முதலாவது கார்பனில்தான் பலர் இடறுகிறார்கள். அதில் இரண்டு ஆக்சிஜன் இருப்பதைப் பார்த்துக் கார்பனைல் என்று நினைத்து எஸ்பி2 போடுகிறார்கள். அங்கே இரண்டு ஆக்சிஜன், ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன் என்று நான்கு அண்டை, எஸ்பி3. கால்சியம் சேர்த்ததும் இது கூழாக இறுகுவது கார்பாக்சிலேட்டு ஆக்சிஜன்கள் கால்சியத்தைப் பிடிப்பதால். கார்பனின் இனக்கலப்பு அப்போதும் மாறாது.

பெப்சி பாசி என்று இந்தக் கரையில் சொல்லும் கப்பாஃபைகஸ் பாசியில் கிடைக்கும் கப்பா காராஜீனன் இன்னும் நல்ல கேள்வி. அதுவும் எதிரயனிதான், பொட்டாசியத்தோடு கூழாகும். ஆனால் அதன் எதிர்ச்சுமை சல்பேட்டு ஆக்சிஜனில் இருக்கிறது. இரண்டு சர்க்கரை சேர்ந்த ஓர் அலகில் பன்னிரண்டு கார்பன், பன்னிரண்டும் எஸ்பி3. எஸ்பி2 கார்பன் எத்தனை என்று கேட்டால் பூஜ்யம். சுமையை வைத்து இனக்கலப்பு சொல்பவர்களைத் திருத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மண்டபத்திலேயே பாசி ஆராய்ச்சி நிலையம் இருக்கும்போது, நம் வகுப்பறைகளில் இந்த இரண்டு அயனிகளையும் அருகருகே வரைந்து எண்ணிப் பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு.

கணவாய் மீனில் ஏராளமாக இருக்கும் டாரினும் அதே வகை. அமினோ அமிலம் என்று கேட்டதும் கிளைசின் ஞாபகத்தில் ஓர் எஸ்பி2 கார்பன் போட்டுவிடுவார்கள். கிளைசினின் இருமுனை அயனியில் கார்பாக்சிலேட்டு கார்பன் எஸ்பி2, மற்றது எஸ்பி3. டாரினில் அமிலப் பகுதி சல்போனேட்டு. அதில் கார்பனே இல்லை. இருக்கும் இரண்டு கார்பனும் எஸ்பி3.

கெட்டுப்போகும் மீனின் வாடைக்கு முக்கியக் காரணம் டிரைமெத்திலமீன். உயிருள்ள மீனில் ஆக்சைடாக இருப்பதை நுண்ணுயிர்கள் அமீனாக மாற்றிவிடுகின்றன. புளி ஊற்றினால் வாடை தணிவது ஏனென்றால் அமீன் ஒரு புரோட்டானை வாங்கி ஆவியாகாத அம்மோனியம் அயனி ஆகிறது. ஆக்சைடு, அமீன், அம்மோனியம் மூன்றிலும் மெத்தில் கார்பன்கள் எஸ்பி3தான். நைட்ரஜனில் பிளஸ் ஏறியது கார்பனைத் தொடவில்லை. புளியிலிருந்து வந்து எதிர்ப்பக்கம் நிற்கும் டார்டரேட்டு எதிரயனியில் நான்கு கார்பன்: முனைகள் இரண்டும் எஸ்பி2, நடுவில் ஹைட்ராக்சில் தாங்கிய இரண்டும் எஸ்பி3.

ஏமாற்றும் அயனிகள்

அசைலியம் அயனியில் கார்பனைல் கார்பனைப் பார்த்ததும் எஸ்பி2 எழுதுவது வழக்கம். அதற்கு அண்டை இரண்டுதான்: ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன். தனித்த ஜோடி இல்லை. எஸ்பி, நேர்கோடு. ஆக்சிஜனோடு முப்பிணைப்பு போட்டு எழுதும் வடிவம் நைட்ரைலோடு சம எலக்ட்ரான் உடையது. அதோடு ஒப்பிட்டால் உடனே விளங்கும். மறுபக்கம், புரோட்டான் ஏற்ற அசிட்டோன் எஸ்பி2. அங்கே அண்டை மூன்று.

பென்சீனை நைட்ரோ ஏற்றும்போது இடையில் வரும் அரீனியம் அயனியில் ஆறு கார்பனும் எஸ்பி2 என்று எழுதாதீர்கள். நைட்ரோ வந்து ஒட்டிய கார்பனுக்கு வளையத்தில் இரண்டு, நைட்ரோ ஒன்று, ஹைட்ரஜன் ஒன்று என்று நான்கு அண்டை. அது எஸ்பி3, மற்ற ஐந்து எஸ்பி2. பிளஸ் சுமை அந்த எஸ்பி3 கார்பனில் ஒருபோதும் வராது. ஆர்த்தோ, பாரா இடங்களில்தான் சுற்றும். நைட்ரோ குழு உள்ள வளையத்தில் எதிரயனி தாக்கி உண்டாகும் மெய்சன்ஹைமர் அணைவிலும் இதே ஒன்றுக்கு ஐந்து.

எஸ்டரைக் காரத்தில் சிதைக்கும்போதும் இடைநிலையைக் கேட்பார்கள். தேங்காயெண்ணெயில் சோப்பு செய்வதை எடுத்துக்கொண்டால், எஸ்டர் கார்பன் எஸ்பி2. ஹைட்ராக்சைடு ஒட்டியதும் நான்கு அண்டை, எஸ்பி3. கிளிசரால் பகுதி பிரிந்து கார்பாக்சிலேட்டு ஆனதும் மீண்டும் எஸ்பி2. மைனஸ் முழு நேரமும் ஆக்சிஜனில்தான்.

அரோமாட்டிக் வளைய அயனிகளில் தவறு குறைவு. ஏழு கார்பன் வளைய நேரயனியான டிரொபிலியத்தில் ஏழும் எஸ்பி2, சைக்ளோபுரோப்பினைல் நேரயனியில் மூன்றும் எஸ்பி2. ஆனால் சைக்ளோபுரோப்பினைல் எதிரயனிக்கு நம் இரண்டாம் கட்ட விதியை அப்படியே போட்டுவிடக் கூடாது. பக்கத்தில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஜோடி உள்ளே போனால் நான்கு பை எலக்ட்ரான் வளையமாகி எதிர் அரோமாட்டிக், அதாவது நிலைப்பு குறைந்த வளையம், ஆகும். அதைத் தவிர்க்க ஜோடி வெளியிலேயே நிற்கும், கார்பன் பிரமிடாகும். உடனிசைவு நிலைப்பைத் தந்தால்தான் ஜோடி பி ஆர்பிட்டாலுக்குப் போகும். நஷ்டம் என்றால் போகாது. மூன்று பீனைல் தாங்கிய டிரைட்டைல் நேரயனியில் பத்தொன்பது கார்பனும் எஸ்பி2. அதற்காக மூலக்கூறு முழுவதும் ஒரே தளம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து ஹைட்ரஜன்கள் இடிப்பதால் வளையங்கள் விசிறி இறக்கை போலத் திரும்பி நிற்கின்றன. எஸ்பி2 என்பது அந்தக் கார்பனைச் சுற்றியுள்ள தளத்தை மட்டும் சொல்கிறது.

பீனைல் நேரயனி தனியாகப் பேச வேண்டியது. எண்ணினால் இரண்டு அண்டை, ஜோடி இல்லை, கூட்டு 2, எஸ்பி என்று வருகிறது. பதிலியுள்ள வினைல் நேரயனிக்கு அந்த விடை சரி. அது நேர்கோடாக நிமிர முடியும். ஆறு கார்பன் வளையத்துக்குள் 180 பாகைக் கோணத்துக்கு இடம் இல்லை. ஆகவே பீனைல் நேரயனியில் கார்பன் எஸ்பி2வாகவே மாட்டிக்கொள்கிறது; காலி ஆர்பிட்டால் தளத்திலேயே வெளிநோக்கி இருக்கிறது, பை எலக்ட்ரான்கள் அதற்கு உதவ முடியாது. கணக்கீடுகளில் அந்த மூலையின் கோணம் 120ஐ விட நன்றாக விரிவது, அது எஸ்பியை நோக்கி முயல்வதைக் காட்டுகிறது. இப்படி எஸ் பங்குள்ள ஆர்பிட்டாலைக் காலியாக வைத்திருப்பதால்தான் இந்த அயனி இவ்வளவு நிலையற்றது.

இதை பி.எஸ்சி. ஆய்வகத்திலேயே பார்க்கலாம். சோதனைக்குழாய்களில் 2 சதவீத ஆல்கஹால் சில்வர் நைட்ரேட் 2 மி.லி. எடுத்து, டெர்ட்-பியூட்டைல் குளோரைடு, பென்சைல் குளோரைடு, நார்மல் பியூட்டைல் குளோரைடு, குளோரோபென்சீன் ஒவ்வொன்றிலும் 2 சொட்டு விட்டுக் குலுக்குங்கள். முதல் இரண்டிலும் அறை வெப்பத்திலேயே விரைவில் வெண்மை தெரியும், ஏனென்றால் வெளிவரும் நேரயனி சுலபமாக எஸ்பி2 தளமாகிறது. நார்மல் பியூட்டைல் குளோரைடை ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு நீர்க்குளியலில் சூடாக்க வேண்டும். குளோரோபென்சீன் சூடாக்கினாலும் தராது. நம் பகுதியில் இந்தச் சோதனை கெடுவதற்குப் பெரிய காரணம் குழாய்த் தண்ணீர். உப்பு நீரில் கழுவிய குழாயில் ஒரு துளி மிச்சம் இருந்தாலும் சில்வர் குளோரைடு வெள்ளையாக வந்து, குளோரோபென்சீனும் வினைபுரிந்ததாகக் காட்டும். வாலை வடிநீரால் மூன்று முறை, பிறகு ஆல்கஹாலால் ஒரு முறை அலசுங்கள். மாதிரி எதுவும் சேர்க்காத ஒரு குழாயை எப்போதும் பக்கத்தில் வையுங்கள். அதில் வெண்மை வந்தால் அன்றைய எந்த விடையையும் நம்ப வேண்டாம்.

தளமாக முடியாவிட்டால் நேரயனி வராது என்பதற்குப் பழைய சான்று, 1939இல் வேதியியலாளர்கள் பார்ட்லெட்டும் லாரன்ஸ் நாக்ஸும் செய்தது. பாலத் தலையில் (வளையங்கள் சேரும் மூலைக் கார்பனில்) குளோரின் உள்ள அப்போகாம்பைல் குளோரைடை ஆல்கஹால் சில்வர் நைட்ரேட்டில் மணிக்கணக்காகக் கொதிக்க வைத்தும் அசையவில்லை. மூவிணையக் கார்பன்தான், ஆனால் கூண்டு அமைப்பு அதைத் தட்டையாக விடவில்லை. இதே நாக்ஸ்தான் 1954இல் டோரிங்குடன் சேர்ந்து டிரொபிலியம் அமைப்பை நிறுவியவர். தட்டையாகும் நேரயனியை நேரில் பார்த்தவர் ஜார்ஜ் ஓலா. மீஅமிலத்தில் (கந்தக அமிலத்தைவிட வலிய அமிலம்) டெர்ட்-பியூட்டைல் நேரயனியை நிலைப்படுத்தி அணுக்கரு காந்த ஒத்ததிர்வில் அளந்தார். நடுக்கார்பனின் குறிகை 335 பிபிஎம் அருகே வருகிறது. குளோரைடில் அதே கார்பன் 67 அருகே. 1994இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. ஐந்து ஹைட்ரஜன் உள்ள மெத்தேனியம், 2-நார்போர்னைல் போன்ற, மூன்று அணுக்கள் இரண்டு எலக்ட்ரானைப் பங்கிடும் அயனிகளுக்கு மட்டும் இந்த எண்ணிக்கை செல்லாது. அவற்றுக்கு எஸ்பி என்ன என்று கேட்பதே பொருத்தமில்லை.

மாதிரி செய்து பார்ப்பவர்களுக்கு ஓர் அளவு. சிறிய தெர்மகோல் உருண்டையும் பனை ஈர்க்கும் போதும். களிமண் ஈரத்தில் சரிந்து கோணம் மாறிவிடும், வேண்டாம். உருண்டையின் மையத்திலிருந்து ஒவ்வோர் ஈர்க்கும் 6 செ.மீ. நீளம் வருமாறு வெட்டிக் குத்துங்கள். கோணமானி தேவையில்லை: இரண்டு நுனிகளுக்கு நடுவே 9.8 செ.மீ. என்றால் எஸ்பி3, 10.4 என்றால் எஸ்பி2, 12 என்றால் எஸ்பி. பி ஆர்பிட்டாலுக்குச் சிவப்பு நூல் சுற்றிய ஈர்க்கு ஒன்றைத் தளத்துக்குச் செங்குத்தாக ஊடுருவ விடுங்கள். அல்லைல் எதிரயனியைச் செய்து மூன்று சிவப்பு ஈர்க்கும் இணையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பீனைல் எதிரயனி செய்து, ஜோடிக்கு வைத்த ஈர்க்கு சிவப்புகளுக்குச் செங்குத்தாக இருப்பதைப் பாருங்கள். கையில் பிடித்துப் பார்த்த பிறகு "பக்கத்திலா, அதிலேயா" என்ற கேள்வியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பயிற்சிக்கு மூன்று. கடற்பாசிகளில் உள்ள டைமெத்தில்சல்போனியோ புரோப்பியோனேட்டு: கந்தகத்தில் பிளஸ், கார்பாக்சிலேட்டில் மைனஸ். ஐந்து கார்பனில் மெத்தில் இரண்டும் மெத்திலீன் இரண்டும் எஸ்பி3, கார்பாக்சிலேட்டு எஸ்பி2. நடுநிலை பிஎச்சில் ஆர்ஜினின் அயனி: ஆறு கார்பன், கார்பாக்சிலேட்டும், மூன்று நைட்ரஜன் சூழ்ந்த குவானிடினியம் கார்பனும் எஸ்பி2, மற்ற நான்கு எஸ்பி3. கடைசியாக அசிட்டோநைட்ரைல் ஒரு புரோட்டானை இழந்த எதிரயனி: நைட்ரைல் கார்பனுக்கு அண்டை இரண்டு, எஸ்பி, மைனஸ் தாங்கிய மெத்திலீனுக்குப் பக்கத்தில் பை இருப்பதால் ஜோடியை விட்டுவிட்டு மூன்று சிக்மா மட்டும், எஸ்பி2.